பள்ளி திறந்துவிட்டது, புத்தகப் பை திறக்கவில்லை

வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் விடுமுறை முடிந்து சிங்கப்பூரில் பள்ளிகள் திறந்து ஆறு வாரம் ஓடிவிட்டது. புதுச் சீருடை, புதுக் காலணி, அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் என்று இருந்த உற்சாகமெல்லாம் வடிந்து, வீட்டுக்கு வீடு பள்ளி ஆண்டு இப்போதுதான் நிஜமாகத் தொடங்கியிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுப்பாடத்தையும் வாசிப்பையும் பற்றியே இருந்ததால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டிருந்தார்கள், அதனால் வட்டாரம் மட்டும்.

*

டீச்சர், என் மகன் இந்த ஜனவரியில் உயர்நிலை 1 சேர்ந்தான். தொடக்கப்பள்ளியில் இருந்தவரை இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஐந்து மணிக்குள் பாடத்தை முடித்துவிடுவான். இப்போது வாரத்தில் இரண்டு நாள் இணைப்பாட நடவடிக்கை, வீடு வந்து சேர ஆறரை ஆகிறது. பையைச் சோபாவில் போட்டுவிட்டு அங்கேயே தூங்கிப்போகிறான். எட்டரைக்கு எழுப்பி உட்காரவைத்தால் பன்னிரண்டு மணி வரை இழுக்கிறது. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், தினமும் சண்டை. நேற்று கணக்குப் பயிற்சித்தாளை நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். தப்பு என்று தெரியும். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ்

கணக்குத்தாளை முதலில் பேசிவிடுவோம். நாளைக்கு உங்கள் மகனே அந்த ஆசிரியரிடம் போய், இந்த மூன்று கணக்கு எனக்கு வரவில்லை, அம்மா போட்டுக் கொடுத்தார் என்று சொல்லட்டும். திட்டு விழுந்தாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பயிற்சித்தாளை ஆசிரியர் வாங்கிப் பார்ப்பதே யாருக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான். எல்லாம் சரியாக இருந்தால் அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார், உங்கள் பிள்ளை பழைய இடத்திலேயே நிற்பான். நான் 28 ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவள். அம்மா எழுதிய வீட்டுப்பாடம் எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடும். பிள்ளை எழுதும் ழகரம் பாதியில் நின்றுபோயிருக்கும், அம்மாவின் ழகரம் அழகாகச் சுழித்துக் கீழே இறங்கியிருக்கும். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததே கிடையாது, அந்த வீட்டில் முந்தின ராத்திரி என்ன நடந்திருக்கும் என்றுதான் தோன்றும்.

இப்போது தூக்கம். பதின்ம வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நம் பள்ளிகள் காலை 7.30க்கு முன்னால் தொடங்குவதில்லை என்றாலும், குளித்துச் சாப்பிட்டு பஸ் பிடித்துக் கொடியேற்றத்துக்குப் போய் நிற்க வேண்டுமென்றால் ஐந்தே முக்காலுக்காவது எழுந்தாக வேண்டும். பன்னிரண்டரைக்குப் படுக்கிறவன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் ஐந்தேகால் மணி நேரம்தான் தூங்கியிருக்கிறான். மீதியைத்தான் சோபாவில் தூங்குகிறான். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். வந்ததும் அரை மணி நேரம் தூங்கட்டும், அலாரத்தை அவன் கையாலேயே வைக்கட்டும். அப்புறம் குளியல், சாப்பாடு. ஏழரைக்கு உட்கார்ந்து, நடுவில் ஒரு பத்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு, பத்து மணிக்குப் பையை மூடிவிட வேண்டும். முடிந்ததோ முடியவில்லையோ, மூட வேண்டும். இந்த ஒன்றைச் செய்ய உங்களுக்குத்தான் மனம் வராது, அவனுக்கு வந்துவிடும். முடிக்காத தாளோடு இரண்டு நாள் பள்ளிக்குப் போனால், எதை முதலில் எடுக்க வேண்டும் என்ற யோசனை அவனுக்குத் தானாகவே வரும்.

சரி, ஏன் திடீரென்று இவ்வளவு இழுக்கிறது? தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என்று நான்கு பாடத்துக்குத்தான் பெரிய வீட்டுப்பாடம் வரும், அதிலும் இரண்டு மூன்றை ஒரே ஆசிரியர் எடுப்பதுண்டு, இன்றைக்குக் கணக்கு நிறையக் கொடுத்துவிட்டோமே என்று அவருக்கே தெரியும். உயர்நிலையில் புவியியல், வரலாறு, இலக்கியம் என்று பாடங்கள் கூடி, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார், ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. அதோடு 2024ல் உயர்நிலை 1க்கு வந்தவர்களிலிருந்து, கணக்குக்குக் கடினமான ஜி3 நிலை, தமிழுக்கு அதைவிட எளிய ஜி2 நிலை என்று பிள்ளைகள் பாடத்துக்குப் பாடம் வேறு வேறு வகுப்பில் போய் உட்காருகிறார்கள். நல்ல மாற்றம் அது. எக்ஸ்பிரஸ், நார்மல் என்று தனித்தனிப் பிரிவாகப் பன்னிரண்டு வயதில் முத்திரை குத்தி அனுப்பிய காலத்தில் வகுப்பறையில் நின்றவள் நான், அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் ஒரு சின்னச் சிரமம் இதில் உண்டு. பக்கத்தில் உட்காரும் நண்பனிடம் கேட்டால் போதும் என்ற வசதி எல்லாப் பாடத்துக்கும் கிடையாது, அவனிடம் இருப்பது வேறு தாளாக இருக்கலாம்.

இன்றைக்கு அவனுடைய ஹேண்ட்புக்கைக் கொண்டுவரச் சொல்லிச் சேர்ந்து பாருங்கள். அநேகமாக 'மேத்ஸ் ஒர்க்‌ஷீட்' என்று மட்டும் கிறுக்கியிருப்பான். எந்த ஒர்க்‌ஷீட், எத்தனை கேள்வி, என்றைக்குக் கொடுக்க வேண்டும், ஒன்றும் இருக்காது. கொஞ்சம் எஸ்.எல்.எஸ். என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் இருக்கும், கொஞ்சம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நூறு செய்திக்கு அடியில் கிடக்கும். எட்டரைக்கு உட்காருகிற பையன் முதல் முக்கால் மணி நேரத்தை என்ன பாடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே தொலைக்கிறான். அதனால் பாடம் முடிந்து மணி அடித்தவுடன், பையைத் தூக்குவதற்கு முன்னால், அங்கேயே நின்று எழுதிக்கொள்ளப் பழகட்டும். என்ன வேலை, என்றைக்குக் கொடுக்க வேண்டும், எத்தனை நிமிடம் ஆகும் என்று அவன் நினைக்கிறான், இவ்வளவுதான். ராத்திரி செய்து முடித்ததும் உண்மையில் எத்தனை நிமிடம் ஆனது என்று பக்கத்தில் குறிக்கட்டும். என் கடைசி வருட மாணவன் ஒருவன் இதைச் செய்து பார்த்து, புவியியல் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டவே 50 நிமிடம் போயிருக்கிறது டீச்சர் என்று அதிர்ந்துபோய் என்னிடம் வந்து காட்டினான். நாம் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான்.

தேர்வை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்பது கடிதத்தின் வேகத்திலேயே தெரிகிறது. அரையாண்டுத் தேர்வு இப்போது எந்த வகுப்புக்கும் கிடையாது, 2023லிருந்து முழுவதும் எடுத்துவிட்டார்கள். மதிப்பெண் கணக்கில் சேரும் சோதனையும் ஒரு பாடத்துக்கு ஒரு தவணையில் ஒன்றுக்கு மேல் வைக்கக்கூடாது. நிதானமாகப் பழகட்டும் என்று கொடுத்த இடம்தான் இது, அதை நாமே வீட்டில் அடைத்துவிடக்கூடாது.

கடைசியாக, அவன் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்துவிடுங்கள். அதே அறையில் இருங்கள், உங்களுக்குப் பிடித்த வார இதழையோ நாவலையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள், போன் வேண்டாம். கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காமல் எட்டிப் பார்க்காதீர்கள். வீட்டுப்பாடம் பிள்ளை செய்ய வேண்டிய வேலை. வாசிப்பைத்தான் வீடே சேர்ந்து செய்ய முடியும். நாம் முதலாவதில் போய் உட்கார்ந்துகொண்டு இரண்டாவதைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டோம் என்பதுதான் என்னுடைய பல வருடத்து வருத்தம்.

*

டீச்சர், நான் உயர்நிலை 2. தமிழ்க் கட்டுரையை ஏஐயிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனேன். ஆசிரியர் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். ஆனால் டியூஷனில் மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே, அது மட்டும் சரியா?
– ஒரு மாணவன், புக்கிட் பாத்தோக்

தம்பி, நியாயமான கேள்வி. பெரும்பாலும் நான் உன் பக்கம்தான். நாற்பது கட்டுரை திருத்த உட்கார்ந்தால் பதினைந்தில் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருப்பான், பறவைகள் கீச்சிட்டுக்கொண்டிருக்கும். கதை நடப்பதோ பிடோக் உணவங்காடியில் மத்தியான நேரத்தில். அந்தத் தொடக்கத்தை மனப்பாடமாக எழுதியவனும் ஏஐயிடம் வாங்கியவனும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள், இரண்டு பேருமே தாங்கள் பார்த்ததை எழுதவில்லை. எல்லார் முன்னாலும் திட்டியது உனக்கு வலித்திருக்கும், அது எனக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் ஆசிரியர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று யோசித்தாயா? ஏஐ 'நான் மிகுந்த மகிழ்ச்சியை உணர்ந்தேன்' என்று எழுதும். நீ எழுதினால் 'எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை' என்று எழுதுவாய். உன் வாயில் வராத சொல் உன் தாளில் இருந்தால் தினமும் உன் பேச்சைக் கேட்கிறவருக்குத் தெரியாமல் போகுமா?

இப்படிச் செய்து பார். அடுத்த கட்டுரைக்கு முதல் பத்து வரியை நீயே எழுது, தப்பும் தவறுமாக இருக்கட்டும், பாதி பேச்சுத் தமிழாக இருந்தாலும் பரவாயில்லை. கேண்டீனில் உன் முறை வரும்போது மீ கோரெங் தீர்ந்துபோனது, பின்னால் நின்றவன் முனகியது, நீ காசை எண்ணிக்கொண்டு நின்றது, இப்படி நீ மட்டும் பார்த்ததாக இருக்க வேண்டும். எழுதி முடித்த பிறகு, ஒரு சொல் தெரியவில்லை என்றால் அகராதியிடமோ ஏஐயிடமோ கேள், ஒரு சொல்லுக்கு மட்டும். தேர்வுக்கூடத்தில் ஏஐ இருக்காது. வாய்மொழித் தேர்விலோ காணொளியைக் காட்டிவிட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று உன் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். அங்கே பேசப்போகும் ஆள் நீதான். அவனுக்கு இப்போதே கொஞ்சம் பேசக் கற்றுக்கொடு.

*

அம்மா, என் பேரன் தொடக்கநிலை 2. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், மாலையில் என்னிடம்தான் இருக்கிறான். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான், ஒரு வரி முடிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது. நான் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். நான் அறுபதுகளில் இங்கே தமிழ்ப்பள்ளியில் படித்தவன். எங்களுக்கு இதெல்லாம் கஷ்டமாகவே இல்லையே?
– ஒரு தாத்தா, அங் மோ கியோ

ஐயா, உங்களைப் போன்றவர்கள் இன்னும் மாலையில் பேரப்பிள்ளையோடு புத்தகத்தைத் திறந்து உட்காருகிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். கஷ்டமாக இல்லாததற்குக் காரணம் உண்டு. உங்களுக்குக் கணக்கும் தமிழில், வரலாறும் தமிழில், விளையாட்டுத் திடலில் போட்ட சண்டையும் தமிழில். கடைசியாக மிஞ்சியிருந்த உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982ல் மூடியதோடு அந்தக் காலம் முடிந்துவிட்டது. உங்கள் பேரனுக்குத் தமிழ் ஒரு பாடம், வாரத்தில் சில மணி நேரம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எல்லா இனத்தாரையும் சேர்த்து, வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. அந்தச் சூழலில் வளரும் ஏழெட்டு வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. நீங்கள் தமிழிலேயே பேசிக்கொண்டிருங்கள், தமிழில் சொல் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். அவன் காதில் விழுவது வீண்போகாது.

எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு வருகிறேன், இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. அவன் புத்தகத்தில் 'குரங்கு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தது' என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டில் அதையே 'கொரங்கு மரத்துல ஏறிக்கிட்டிருந்துச்சு' என்பீர்கள். காதால் கேட்ட 'ஏறிக்கிட்டிருந்துச்சு'வை அவன் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை, கண்ணால் பார்க்கும் 'ஏறிக்கொண்டிருந்தது'வை யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. ஏ, றி, க், கொ, ண் என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லின் முடிவை எட்டும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும், எட்டிப் பிடித்தாலும் அது அவனுக்குத் தெரிந்த சொல்லாக இருக்காது. பெரியவர்களான நமக்கே அப்படி ஒரு மொழியைக் கொடுத்தால் அழுகை வரும். 2005ல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்கச் சொன்னது இதனால்தான். அப்போது எங்களில் சிலருக்கே அது பிடிக்கவில்லை, தமிழ் கெட்டுவிடும் என்று பேசினார்கள். நானும் தயங்கினேன். பேசத் தெரிந்த பிள்ளை பிறகு எழுத்துத் தமிழுக்குத் தைரியமாக வருவதை வகுப்பில் பார்த்த பிறகுதான் என் தயக்கம் போனது.

அதனால் ஒரு மாதத்துக்கு அவனைப் படிக்கச் சொல்லாதீர்கள், நீங்கள் படித்துக் காட்டுங்கள். மடியில் இல்லாவிட்டாலும் தோளோடு தோள் ஒட்டி உட்காரவைத்து, உங்கள் சுட்டுவிரலைச் சொல்லுக்கு அடியில் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக இல்லாமல் சொல் சொல்லாக விரலை நகர்த்துங்கள். நீளமான சொல் வந்தால் அதைப் பிரித்துக் காட்டுங்கள், ஏறி, கொண்டு, இருந்தது என்று மூன்றாகச் சொல்லிவிட்டு, பிறகு ஒன்றாகச் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவே நிறுத்தி, கொரங்கு எங்கடா ஏறுது என்று பேச்சுத் தமிழில் கேளுங்கள். ஒரே கதையை நான்கு நாள் படியுங்கள். நான்காம் நாள் குரங்கு மரத்தில் என்றதும் நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சத்தை அவன் சொல்வான். மனப்பாடமாகத்தான் சொல்வான், சொல்லட்டும். கண் அந்தச் சொல்லின் மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ண, ன, ந குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் இப்போது வேண்டாம், பள்ளியில் சொல்வதெழுதுதல் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

புத்தகத்துக்கு நூலகம் இருக்கவே இருக்கிறது. அவன் பெயரிலேயே ஒரே நேரத்தில் 16 புத்தகம் வரை எடுக்கலாம், மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம். அவனையே எடுக்கவிடுங்கள், அட்டையில் டைனோசர் இருக்கிறது என்று எடுத்தாலும் சரி, ஒரு பக்கத்துக்கு ஒரே வரி இருக்கும் சின்னப் பிள்ளைப் புத்தகம் என்றாலும் சரி, வயதுக்குத் தகுந்தது எடு என்று சொல்லாதீர்கள். தமிழ் முரசு நாளிதழ் வாங்குகிறவர் என்றால் அதில் வரும் சிறுவர் பகுதிகளை வெட்டி அவனுக்கென்று ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்துவையுங்கள், மற்றப் பிள்ளைகள் எழுதியதையும் வரைந்ததையும் பார்ப்பது வேறு மாதிரி உற்சாகம்.

இன்னொன்று. நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளியைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். எந்த பஸ்ஸில் போனீர்கள், மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள், யாரிடம் அடி வாங்கினீர்கள். அதைக் கேட்கும் ஆசையிலாவது அவன் உங்கள் தமிழுக்குக் காது கொடுப்பான்.

*

வணக்கம் டீச்சர், நான் உயர்நிலை 3 படிக்கிறேன். பள்ளி திறந்த இரண்டாவது நாளே டெங்கிக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள், மொத்தம் மூன்று வாரம் பள்ளிக்குப் போகவில்லை. திரும்பிப் போனால் எல்லாப் பாடமும் புதிதாக இருக்கிறது. தோழி எல்லா ஒர்க்‌ஷீட்டையும் படம் எடுத்து அனுப்பினாள், 41 இருக்கிறது. தினமும் நான்கு செய்கிறேன், ஆனால் புதிதாக ஐந்து வந்துவிடுகிறது. ரொம்பக் களைப்பாகவும் இருக்கிறது.
– ஒரு மாணவி, யீஷூன்

கண்ணு, அந்த 41ஐயும் செய்யாதே. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தொடக்கநிலை 6ல் எனக்கு மஞ்சள்காமாலை வந்து ஐந்து வாரம் படுத்துவிட்டேன். திரும்பிப் போன அன்றே, விட்டுப்போன குறிப்பு எல்லாவற்றையும் எழுதி முடித்துக் காட்ட வேண்டும் என்று வகுப்பாசிரியர் சொல்லிவிட்டார். தோழிகளிடம் இரவல் வாங்கிய நான்கு நோட்டையும் அக்காவோடு உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாகப் பார்த்து எழுதினேன், விரல் வீங்கிப்போனது. நோட்டு நிறைந்தது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஐந்து வாரத்தில் நடந்த விகிதக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை, புரியவில்லை என்று சொல்லவும் வாய்ப்பில்லை, நோட்டில்தான் எல்லாம் இருக்கிறதே. அது பிடிபட அடுத்த வருடம் ஆனது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை, அதனால்தான் உன் கடிதத்தைப் படித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கு. இவற்றில் எதைக் கட்டாயம் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம், அடுத்த வாரப் பாடம் புரிய எந்தப் பக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று கேள். ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லத் தெரியும், யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். கணக்கும் வேதியியலும் படிக்கட்டு மாதிரி, ஒரு படி விட்டால் அடுத்ததில் கால் வைக்க முடியாது, அதனால் கிடைக்கிற நேரத்தில் பெரும்பகுதியை அவற்றுக்குக் கொடு. வரலாற்றிலும் இலக்கியத்திலும் விட்டுப்போனதை மார்ச் விடுமுறையின் ஒரு வாரத்தில் பாடநூலைக் கதை மாதிரி வாசித்தே பிடித்துவிடலாம். தோழியிடம் இனிமேல் படம் கேட்காதே. இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கணக்கை உனக்குச் சொல்லித்தரச் சொல், அவளுக்கும் அது நல்லது.

டெங்கிக்குப் பிறகு சில வாரம் களைப்பு இருக்கத்தான் செய்யும், நீ சோம்பேறியாகிவிடவில்லை. ஒன்பதரைக்குப் படுத்துவிடு. களைப்பு குறையவில்லை என்றால் அம்மாவோடு மறுபடியும் மருத்துவரைப் பார். உடற்கல்வி வகுப்பில் ஓட முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்.

*

வாரத்துக்கு எத்தனை டியூஷன் வைத்தால் போதும்?
– ஒரு தந்தை, தெம்பனிஸ்

பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் எது புரியவில்லை என்று உங்களால் ஒரே வரியில் சொல்ல முடிந்தால், அந்தப் பாடத்துக்கு ஒன்று. சொல்ல முடியவில்லை என்றால் முதலில் பள்ளி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். செலவு பெரிதாகத் தெரிந்தால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா நடத்தும் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளைப் பற்றி விசாரியுங்கள், பல குடும்பங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. டியூஷன் கொடுக்கும் வீட்டுப்பாடத்தால் பள்ளி வீட்டுப்பாடம் தேங்குகிறது என்றால் ஒன்றை நிறுத்துங்கள், நிறுத்த வேண்டியது பள்ளியை அல்ல.

*

அக்கா, எனக்கு 44 வயது. 20 வயதில் படிப்பை விட்டேன். போன ஆண்டு பகுதிநேர டிப்ளோமாவில் சேர்ந்திருக்கிறேன். வாரத்தில் மூன்று மாலை வகுப்பு, பகலில் கிடங்கில் வேலை. ஒரு பக்கம் ஆங்கிலத்தில் படிக்கப் பத்து நிமிடம் ஆகிறது, படித்து முடித்தால் ஒன்றும் நிற்பதில்லை. மகள் உயர்நிலை 4. அவள் எதிரில் படிக்க வெட்கமாக இருக்கிறது, அவள் தூங்கிய பிறகுதான் புத்தகத்தை எடுக்கிறேன். விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
– ஒரு மாணவி, ஜூரோங் வெஸ்ட்

மாணவி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். விடாதீர்கள். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு அரசின் திறன்பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரில், பயிற்சிக் கட்டணத்துக்கென்று 4,000 வெள்ளி கூடுதலாகக் கொடுத்தார்கள். பணம் ஒரு பக்கம், பகல் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு ராத்திரி வகுப்பில் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய பாடு என்று போய் வருகிறவர்களுக்குத்தான் தெரியும்.

பத்து நிமிடம் ஆவது பெரிய குறையே இல்லை, படித்தது நிற்காததுதான் பிரச்சினை, அதற்கு வழி இருக்கிறது. பாடத்தை முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். கடைசியில் இருக்கும் கேள்விகளை, இல்லையென்றால் உங்களுக்குக் கொடுத்த அசைன்மெண்ட் கேள்வியை முதலில் படியுங்கள். என்ன தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால் பாதிப் பக்கத்தைக் கண்ணே தள்ளிவிடும். தெரியாத சொல் வந்தவுடன் நிறுத்தாதீர்கள், பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போங்கள். பக்கம் முடிந்ததும் புள்ளி வைத்ததில் ஐந்தை மட்டும் அகராதியில் பாருங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று ஓரத்தில் இரண்டு வரி தமிழில் எழுதுங்கள். டிப்ளோமா ஆங்கிலத்தில் என்றால் குறிப்பும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உங்கள் மனம் யோசிக்கும் மொழியில் எழுதினால்தான் அது உங்களிடம் தங்கும். காலையில் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் முந்தின நாள் எழுதிய அந்த இரண்டு வரியை மட்டும் பாருங்கள், புதிதாக எதையும் திறக்க வேண்டாம்.

மகள் தூங்கிய பிறகு படிக்காதீர்கள். அவளுக்கு இந்த ஆண்டு பெரிய தேர்வு, அவள் படிக்கும் மேசையின் மறுபக்கம் காலியாகத்தான் இருக்கும். இன்றைக்கு ராத்திரி உங்கள் புத்தகத்தை அங்கே கொண்டுபோய் வையுங்கள். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். எதுவும் விளக்கம் சொல்லாமல், புள்ளி வைத்த ஒரு சொல்லைக் காட்டி, இதுக்கு என்னம்மா அர்த்தம் என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், நான் காத்திருப்பேன்.